வேலையை விட்டுப் போனவரின் கணக்குகள்: யார் மூடுவது, எப்போது, எந்த வரிசையில்?

சிறுவாணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பம்புசெட் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கூட்டு நிறுவனத்தில் கணினிப் பிரிவை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். கணினி முன் உட்காருபவர்கள் சுமார் 60 பேர். சென்ற மாதம் 20ஆம் தேதி மாலை ஜிஎஸ்டி 3பி படிவத்தைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது ஓடிபி வரவில்லை. கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் மூன்று முறை முயன்றுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சற்று நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது. நான்கு மாதங்களுக்கு முன் விலகிய பழைய கணக்காளர் பேசினார். "மேடம், எனக்கு மூணு ஓடிபி வந்திருக்குதுங்க, கடைசியா வந்ததைச் சொல்லட்டுங்களா?" என்றார். அவர் சொன்னார், நாங்கள் தாக்கல் செய்தோம்.

அன்றிரவு அலுவலகத்திலேயே இருந்து அவருக்கு இன்னும் என்னவெல்லாம் திறந்திருக்கிறது என்று தேடினேன். அவருடைய அலுவலக மின்னஞ்சல் அவர் சொந்தக் கைப்பேசியில் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் பிரிவுக் கணினியில் ஊரடங்குக் காலத்தில் போட்டுக் கொடுத்த எனிடெஸ்க் மென்பொருள், யாரும் இந்தப் பக்கம் அனுமதிக்காமலேயே உள்ளே வரவிடும் நிலையான கடவுச்சொல்லோடு அப்படியே இருந்தது. வங்கியின் இணைய சேவையில் பணப் பரிமாற்றத்தைப் பதிவு செய்யும் 'மேக்கர்' இன்றைக்கும் அவர்தான். விலைப்பட்டியல் பகிரும் வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகிகளில் அவரும் ஒருவர்.

அவர் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய நேர்மை ஒன்றுதான் நான்கு மாதங்களாக எங்களுக்குப் பூட்டாக இருந்திருக்கிறது என்பது மனத்தை உறுத்துகிறது. மனிதவளப் பிரிவில் கேட்டால், ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் (அவருக்குச் சேர வேண்டிய பணக்கணக்கு) முடியும் வரை எதையும் மூட வேண்டாம் என்கிறார்கள். விற்பனை மேலாளரோ, வாடிக்கையாளர்கள் பழைய முகவரிக்கே எழுதுவதால் மின்னஞ்சலைத் தொடவே கூடாது என்கிறார். உங்கள் இடங்களில் இதை எந்த ஒழுங்கில் செய்கிறீர்கள்?

வழங்கிக்காவல் எழுதியது:

வணக்கம் அம்மா. சென்னையில் 19 ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். நீங்கள் ஒரே இரவில் இத்தனையைத் தேடிக் கண்டுபிடித்ததே பெரிய காரியம்.

கணக்கை அழிக்காதீர்கள், முடக்குங்கள். அழித்துவிட்டால் அவர் பெயரில் இருக்கும் கோப்புகள், அஞ்சல்கள், நாட்காட்டி அழைப்புகள் எல்லாம் ஆளில்லாச் சொத்தாகிவிடும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் அழித்த பயனரை 20 நாட்களுக்குள்ளும், மைக்ரோசாஃப்ட் 365இல் 30 நாட்களுக்குள்ளும் மீட்டுவிட வேண்டும். அதற்குப் பின் அழுது பயனில்லை. விற்பனை மேலாளரின் கவலைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. மைக்ரோசாஃப்டில் அந்த அஞ்சல்பெட்டியைப் பகிர்ந்த பெட்டியாக மாற்றினால் 50 ஜிபி வரை தனி உரிமம் தேவையில்லை. முகவரி உயிரோடு இருக்கும், கடிதங்களை மேலாளர் தம் சொந்தக் கணக்கிலிருந்தே படிப்பார். விலகியவரின் கடவுச்சொல்லை மேலாளரிடம் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிக் கொடுத்தால், பிறகு அந்தக் கணக்கில் எது நடந்தாலும் செய்தது யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

முடக்கிய நொடியிலேயே ஆள் வெளியே போய்விடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அலுவலகக் கணக்குகளை எல்லாம் ஓரிடத்தில் வைத்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், காலையில் உள்நுழைந்தவருக்குக் கிடைக்கும் கெர்பரோஸ் என்ற மின்னணு அனுமதிச்சீட்டின் ஆயுள், யாரும் மாற்றி அமைக்காவிட்டால், 10 மணி நேரம். அலுவலக சர்வரில் முடக்கியது இணையத்தில் இருக்கும் மேகக் கணக்குக்குப் போய்ச் சேர இயல்பான அமைப்பில் 30 நிமிடங்கள் வரை ஆகும். சேர்ந்த பின்னும், ஏற்கெனவே வழங்கப்பட்ட டோக்கன் (மறுபடி கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும் மின்னணு வில்லை) ஒரு மணி நேரம் போலச் செல்லுபடியாகும். ஆகவே முடக்குவதோடு நிறுத்தாமல், திறந்திருக்கும் அமர்வுகள் எல்லாவற்றையும் ரத்து செய்யும் கட்டளையையும் கொடுங்கள். வெளியிலிருந்து அலுவலக வலைப்பின்னலுக்குள் வரும் விபிஎன் இணைப்பில் இருந்தால் அதையும் கையால் துண்டியுங்கள். கைப்பேசியில் இருக்கும் அலுவலக அஞ்சலை மட்டும் நீக்குங்கள், அவருடைய குழந்தையின் புகைப்படங்களையும் சேர்த்து அல்ல.

எங்கள் பழைய அலுவலகத்தில் வழியனுப்பு கேக் வெட்டக் கூப்பிடும்போதுதான் ஒருவர் விலகுகிறார் என்பதே எனக்குத் தெரியவரும். செய்தி உங்களுக்கு வந்து சேரும் வழியை முதலில் சரிசெய்யுங்கள். ராஜினாமாக் கடிதம் ஏற்கப்பட்ட அன்றே கடைசி வேலை நாளும் நேரமும் எழுத்தில் உங்கள் மேசைக்கு வந்தாக வேண்டும். பணக்கணக்கு எப்போது முடிந்தாலும் முடியட்டும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பளச் சீட்டும் படிவம் 16ம் அவருக்குத் தேவைப்பட்டால் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பலாம்.

தெம்பனிஸ் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே கணினித் துறையில் இருக்கும் தமிழர்கள் 2024 ஜூனில் ஒரு வாரம் முழுக்கப் பேசிய வழக்கு ஒன்று உண்டு. என்சிஎஸ் என்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில், புதிய மென்பொருள்களைச் சோதிக்கும் சர்வர்களைப் பராமரித்த 20 பேர் குழுவில் இந்தியர் ஒருவர் இருந்தார். வேலைத்திறன் போதவில்லை என்று ஒப்பந்தம் முடிக்கப்பட்டு, 2022 நவம்பரில் வெளியேறி ஊருக்குத் திரும்பினார். 2023 ஜனவரியில், ஊரிலிருந்தே தம் மடிக்கணினி வழியாக, முழு உரிமை கொண்ட நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைப் போட்டு ஆறு முறை உள்ளே போயிருக்கிறார். வேறு வேலை கிடைத்துச் சிங்கப்பூர் திரும்பிய பின், மார்ச்சில் மேலும் 13 முறை. கடைசியில் மார்ச் 18, 19 தேதிகளில், ஒவ்வொரு சர்வராக அழித்துக்கொண்டே போகும் நிரலை ஓடவிட்டு 180 மெய்நிகர் சர்வர்களை அழித்தார். நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பு 9,17,832 சிங்கப்பூர் வெள்ளி. அவருக்கு இரண்டு ஆண்டு எட்டு மாதச் சிறை.

அவர் செய்தது குற்றம். எனக்கு அதைவிடக் கலக்கம் தருவது அந்த 19 முறை. நான்கு மாதங்களாக ஒரு நிர்வாகிக் கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்திருக்கிறது, வேலையில் இல்லாத ஒருவர் வந்து போவதை எவரும் கவனிக்கவில்லை. முதல் முறை அவர் முயன்றபோதே கதவு திறக்காமல் இருந்திருந்தால், கோபம் தணிந்து அவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கக்கூடும். பூட்டாமல் விட்ட கதவு அந்த மனிதருடைய வாழ்க்கையையும் கெடுத்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

பணியாளர்நலம் எழுதியது:

நான் மனிதவளத் துறையில் இருப்பவன். இந்த இழையைப் படிக்கும்போது விலகுகிறவர்கள் எல்லோரும் திருடர்கள் என்பது போன்ற ஒரு தொனி வளர்வதைப் பார்க்கிறேன். அதை நான் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

முன்பு நான் பணிபுரிந்த ஓர் ஆலையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்த மேற்பார்வையாளர் ஒருவரை ஆட்குறைப்பில் சேர்த்திருந்தார்கள். காலை 10 மணிக்கு அவரிடம் பேசுவதாக ஏற்பாடு. கணினிப் பிரிவு முந்தைய இரவே எல்லாவற்றையும் மூடிவிட்டது. அவர் வழக்கம்போல் 8.15க்கு வந்து வாயிலில் அட்டையை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பின்னால் வரிசை நீண்டது. காவலாளி எழுந்து தம் நாற்காலியைக் கொடுத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் அவர் அந்த நாற்காலியில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போன அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். வேலை போனது என்பதை அவருக்குச் சொன்னது அந்தச் சிவப்பு விளக்குதான். அதற்கு நானும் பொறுப்பு என்பதால் இன்றுவரை என்னால் அதை மறக்க முடியவில்லை.

90 நாள் நோட்டீஸ் காலத்தில் இருப்பவர், வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டியவர். அவருடைய கையைக் கட்டிவிட்டு ஒப்படை என்றால் எப்படி ஒப்படைப்பார்?

வழங்கிக்காவல் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன காட்சி எந்த அலுவலகத்திலும் நடக்கக் கூடாது. நேரத்தைக் குறிப்பதில் நம் இரு துறைகளும் சேர்ந்து தவறு செய்கிறோம். விலக்கப்படுகிறவரிடம் பேச்சு தொடங்கும்போதுதான் கணினிப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதுதான் மூட வேண்டும். தாமாக விலகுகிறவருக்குக் கடைசி நாள் மாலை வரை வேலைக்கு வேண்டியது திறந்திருக்கட்டும். அவருக்கு நோட்டீஸ் காலத்தில் முதலில் குறைக்க வேண்டியது நிர்வாகி உரிமைகளை மட்டுமே, அதுவும் அவரிடம் சொல்லிவிட்டு.

ஆனால் அணுகலை மூடுவது அவநம்பிக்கையின் அடையாளம் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒரு மாநில அரசு அமைப்பின் வலைப்பின்னலுக்குள் அந்நியர் ஒருவர் விபிஎன் வழியாக நுழைந்திருந்தார். நுழைந்தது அங்கிருந்து விலகிப் போன ஒரு கணினி நிர்வாகியின் கணக்கில். அந்த நிர்வாகி எதுவும் செய்யவில்லை. வேறெங்கோ நடந்த தகவல் கசிவில் அவருடைய கடவுச்சொல் வெளியே போயிருக்கிறது, கணக்கு மூடப்படாமல் கிடந்ததால் அது இங்கே வேலை செய்திருக்கிறது. அந்தக் கணக்கால் எட்ட முடிந்த, கோப்புகளைப் பகிரும் ஷேர்பாயின்ட் சர்வரில் இன்னொரு பெரிய நிர்வாகியின் கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருந்தது. வந்தவர் அதையும் எடுத்துக்கொண்டார். இரண்டு கணக்குகளுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது.

கணக்கில் ஆள் இருந்தால், விடியற்காலை 3 மணிக்கு உள்நுழைவு என்று அறிவிப்பு வரும்போது, "இது நானில்லையே" என்று சொல்ல ஒருவர் இருப்பார். விலகியவரின் கணக்கில் அப்படிச் சொல்ல யாருமில்லை. பிறகு விசாரணை வரும்போது பதிவேட்டில் இருக்கப்போவது அவருடைய பெயர். ஆகவே கடைசி நாளில், எந்தெந்தக் கணக்கு எத்தனை மணிக்கு மூடப்பட்டது என்று எழுதி அவர் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள். ரிலீவிங் கடிதத்தைப் போல அதுவும் அவருக்குச் சேர வேண்டிய தாள் என்பது என் கருத்து.

நிரல்நெசவு எழுதியது:

நான் நிரலாளர். மனிதர் பெயர் கொண்ட கணக்கை மூடுவது எளிது. அவர் உண்டாக்கிவிட்டுப் போன, பெயரில்லாத சாவிகள்தான் கடினம். சாவி என்று நான் சொல்வது, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கணினிகள் ஏற்கும் ரகசியக் குறியீட்டை.

லினக்ஸ் சர்வரில் ஒருவருடைய கடவுச்சொல்லைப் பூட்டினால், தொலைவிலிருந்து உள்ளே வர உதவும் எஸ்எஸ்ஹெச் சாவியும் பூட்டப்பட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, சாவி பாட்டுக்குத் திறந்துகொண்டிருக்கும். கணக்குக்கே காலாவதித் தேதியைப் போட வேண்டும், சாவிக் கோப்பிலிருந்து அவருடைய வரியையும் எடுக்க வேண்டும். அமேசான் மேகத்தில் ஒரு பயனருக்கு இரண்டு அணுகல் சாவிகள் வரை இருக்கலாம். இணையப் பக்கக் கடவுச்சொல்லை நீக்கினாலும் அவை அப்படியே வேலை செய்யும். இவை போக, நிரல் களஞ்சியத்தில் பதித்த சாவிகள், இணையத்தில் பணம் பெறும் கட்டண நுழைவாயிலின் ரகசியச் சாவி, குறுஞ்செய்திச் சேவையின் டோக்கன். இவற்றை அறிந்தவர் விலகினால் முடக்குவதற்குக் கணக்கு இல்லை, சாவியைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் விலகியவரின் கணக்கை வெள்ளிக்கிழமை மாலை சரியாக முடக்கினோம். திங்கட்கிழமை காலை கிடங்கிலிருந்து போன் மேல் போன்: சரக்கு அனுப்பும் பட்டியல் வரவில்லை, லாரிகள் நிற்கின்றன. இரவு 2 மணிக்கு அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பணி, மூன்று ஆண்டுகளாக அவருடைய சொந்தக் கணக்கின் பெயரில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அமைத்த அன்று வேறு கணக்கு கேட்டிருந்தார் என்றும், யாரும் தரவில்லை என்றும் பிறகுதான் தெரிந்தது.

எங்களுடையது அறியாமல் நடந்தது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் அறிந்தே ஒருவர் செய்திருக்கிறார். பொறுப்புகள் குறைக்கப்பட்ட மனக்கசப்பில் இருந்த ஒரு நிரலாளர், ஆக்டிவ் டைரக்டரியில் தம் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் நிரலை நிறுவனத்தின் அமைப்புக்குள் வைத்திருந்தார். 2019 செப்டம்பர் 9 அன்று அவரை வெளியேற்றிக் கணக்கை முடக்கியபோது அந்த நிரல் விழித்துக்கொண்டு, உலகெங்கும் ஆயிரக்கணக்கான பயனர்களை வெளியே தள்ளிப் பூட்டியது. 2025 ஆகஸ்டில் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கணக்கை முடக்கும் முன் அந்தக் கணக்கின் பெயரில் எங்கே என்ன ஓடுகிறது என்று பார்ப்பதும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்த பிறகே சர்வருக்கு ஏற்றுவதும் ஏன் தேவை என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சிறுவாணி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி பதிவேடுகளைப் பார்த்தேன். அந்த நான்கு மாதங்களில் எனிடெஸ்க் வழியாக வெளியிலிருந்து யாரும் வந்த தடயம் இல்லை. இப்போது என் சிக்கல், ஆக்டிவ் டைரக்டரிக்கு வெளியே இருப்பவைதான். ஜிஎஸ்டி, வங்கி, டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி டோக்கன் இவை எதுவும் என் கட்டுப்பாட்டில் இல்லை. முதலாளியிடம் கேட்டால் "அதெல்லாம் ஆடிட்டர் ஆபீஸ்ல பார்த்துக்குவாங்க" என்கிறார்.

தணிக்கைத்தாள் எழுதியது:

திருப்பூரில் தணிக்கையாளர் அலுவலகத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா. உங்கள் முதலாளி சொல்வது போல எங்களிடம் விட்டுவிடுவதுதான் இந்தச் சிக்கலின் வேர்.

ஜிஎஸ்டி தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பக்காரரின் கைப்பேசி எண்ணாகக் கணக்காளரின் எண்ணைக் கொடுப்பது இங்கே பரவலான பழக்கம். முதலாளி கூட்டத்தில் இருப்பார், போனை எடுக்க மாட்டார் என்பதற்காகச் செய்வது. அதை மாற்றப் பெரிய விண்ணப்பம் தேவையில்லை. தளத்துக்குள் போக முடிகிறது என்றால், பதிவுத் திருத்தத்தில் மையமல்லாத விவரங்கள் என்ற பிரிவில் நீங்களே மாற்றலாம். பயனர்பெயரும் கடவுச்சொல்லும்கூடப் போனவரிடமே இருந்தால், உங்கள் வட்டார வரி அலுவலரிடம் ஆவணங்களோடு நேரில் போக வேண்டியிருக்கும். கூட்டு நிறுவனம் என்பதால் எண் ஒரு பங்குதாரருடையதாகவே இருக்கட்டும்.

டோக்கனைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பங்குதாரரின் பெயர் ஒட்டிய அந்தச் சிறிய யுஎஸ்பி, பெரும்பாலும் கணக்காளரின் மேசை இழுப்பறையில், ரப்பர் பேண்ட் போட்ட டப்பாவுக்குள் கிடக்கும். அதைத் திறக்கும் ரகசிய எண்ணான 'பின்' (PIN) டப்பாவின் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கும். எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு டப்பா இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அந்தக் கையொப்பம் சட்டப்படி பங்குதாரரின் கையெழுத்தேதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 42ஆம் பிரிவு, அந்தக் கையொப்பத்தின் ரகசியச் சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கடமையை உரியவர் மீதே வைக்கிறது. கணக்காளர் விலகும் அன்று டோக்கனைத் திரும்ப வாங்குவதோடு அந்த 'பின்' எண்ணையும் மாற்றுங்கள். டோக்கனே கிடைக்கவில்லை என்றால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்கு எழுதி ரத்து செய்யுங்கள்.

வங்கியில் மேக்கரை நீக்கப் பங்குதாரர்கள் கையெழுத்திட்ட கடிதம் கேட்பார்கள். அதை இன்றே கொடுங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். புதியவர் மேக்கராகும்போது, மேக்கர் பதிவு செய்ததற்கு ஒப்புதல் தரும் முதலாளியின் 'செக்கர்' கடவுச்சொல்லும் அவரிடமே கொடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை.

இணையதளப் பெயர் யாருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். புதுப்பிக்கும் நினைவூட்டல் விலகியவருக்குப் போனால் உங்களுக்குத் தெரியவே வராது.

பணியாளர்நலம் எழுதியது:

வழங்கிக்காவல் ஐயா சொன்ன பிரதி கொடுக்கும் யோசனை என் எண்ணத்தை மாற்றிவிட்டது. மூடுவதை ஊழியருக்கான பாதுகாப்பாகவும் பார்க்கலாம் என்பதை ஏற்கிறேன்.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது நியூ ஹேவன் என்ற அமெரிக்க நகரத்தின் சுகாதாரத் துறையில் 2016இல் நடந்ததைப் பார்த்தேன். பணிநீக்கம் செய்யப்பட்ட பெண் எட்டு நாள் கழித்துத் தொழிற்சங்கப் பிரதிநிதியோடு வந்து, தம்மிடமே இருந்த சாவியால் பழைய அறையைத் திறந்து, உள்ளே தாழிட்டுக்கொண்டு, பழைய கடவுச்சொல்லாலேயே கணினிக்குள் நுழைந்து 498 பேரின் மருத்துவ விவரங்களை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் தம் கடவுச்சொல்லை ஒரு பயிற்சி மாணவருக்கும் சொல்லியிருந்ததால், அவர் போன பிறகும் அந்த மாணவர் அதே கணக்கில் வேலை செய்துகொண்டிருந்தார். நகரம் 2,02,400 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கதவுச் சாவியைத் திரும்ப வாங்க வேண்டியது என் துறை, கணக்கை முடக்க வேண்டியது உங்கள் துறை. அங்கே இரண்டு துறையும் எட்டு நாட்கள் சும்மா இருந்திருக்கின்றன.

விலகுகிறவர் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று காட்டும் எங்கள் நோ டியூஸ் படிவத்தில் மடிக்கணினி, அடையாள அட்டை, நூலகப் புத்தகம்கூட இருக்கிறது. கணக்குகளுக்கு ஒரு வரிகூட இல்லை. இந்த வாரமே சேர்க்கிறேன்.

சிறுவாணி எழுதியது:

நேற்று வரை நடந்ததைப் பதிவு செய்துவிடுகிறேன். வங்கிக் கடிதத்தில் பங்குதாரர்கள் இருவரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். மேக்கர் நீக்கப்பட்டதற்கான ஒப்புதல் மின்னஞ்சல் வந்தது. ஜிஎஸ்டி எண் மூத்த பங்குதாரருடையதாக மாறிவிட்டது. எனிடெஸ்க் எல்லாக் கணினிகளிலிருந்தும் எடுக்கப்பட்டது. அலுவலக வைஃபையின் ஒரே கடவுச்சொல்லை ஆறு ஆண்டுகளில் முதல் முறையாக மாற்றினேன். அன்று காலை முழுவதும் 60 பேரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

தேடும்போது, அந்தக் கணக்காளரைத் தவிர, விலகிய வேறு 11 பேரின் மின்னஞ்சல் கணக்குகளும் திறந்திருப்பதைக் கண்டேன். அவர்களில் ஒருவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பெட்டியை முடக்குவதற்கு முன், அதில் குடும்பத்துக்குத் தேவையானது ஏதேனும் இருக்குமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். அவர் மனைவியிடம் பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இனிமேல் ஒருவர் சேரும் அன்றே அவர் பெயரில் ஒரு தாள் தொடங்குகிறேன். எந்தக் கதவைத் திறந்து கொடுத்தாலும், கொடுத்த தேதியோடு அதில் ஒரு வரி எழுதிய பிறகே கொடுப்பேன். விலகும் அன்று அதே தாளை மேலிருந்து கீழே படித்தால் போதும், என்னைப் போல் இரவெல்லாம் தேட வேண்டாம்.

பழைய கணக்காளரைக் கூப்பிட்டு, எல்லாம் மூடியாயிற்று என்று சொல்லி, மூடிய பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நல்லதுங்க மேடம். புது இடத்துல வேலையா இருக்கும்போது பழைய கம்பெனி பேங்க் மெசேஜ் வந்தா பக்குன்னு இருக்கும். சொன்னா தப்பா நினைச்சுக்குவீங்களோன்னுதான் சொல்லலைங்க" என்றார்.

இறந்தவரின் அஞ்சல்பெட்டியை முடக்குவதில் உங்களில் யாருக்கேனும் முன் அனுபவம் இருந்தால் எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.